வீட்டுப்பாடம் வேண்டாம் என்றால் வீட்டில் என்ன நடக்க வேண்டும்?

சின்ன வகுப்புகளுக்கு இனி வீட்டுப்பாடம் கிடையாது என்று ஒரு பள்ளி அறிவித்தால் சில பெற்றோர் அப்பாடா என்பார்கள், சிலர் பதறிப்போவார்கள். "அப்போ சாயங்காலம் முழுக்கப் பிள்ளை சும்மா இருக்கணுமா?" என்று கேட்பது இந்த இரண்டாவது கூட்டம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வீட்டுப்பாடத்தை நீக்கும் பள்ளிகள் பெரும்பாலும் அதற்குப் பதிலாகச் சொல்வது இதுதான்: குடும்பத்தோடு சேர்ந்து படியுங்கள், விளையாடுங்கள், பேசுங்கள், நேரத்தோடு தூங்கவையுங்கள். 2016ல் அமெரிக்காவின் டெக்சாஸில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் ஏறக்குறைய இதையே சின்னக் கடிதமாக எழுதிப் பெற்றோரிடம் கொடுக்க, அது பல நாடுகளுக்குப் பகிரப்பட்டுப் போனது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குடும்பத்தோடு கற்பது என்றால் நடைமுறையில் என்ன, அதற்கு ஆதாரம் உண்டா, எல்லா வீட்டிலும் அது நடக்குமா என்பதையெல்லாம் அந்தக் கடிதங்கள் விளக்குவதில்லை.

இங்கே பேசப்போவது சுமார் 4 வயதிலிருந்து 9 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றி. உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இந்த வாதத்தில் பெரும்பகுதி பொருந்தாது.

எண்கள் சொல்வது

வீட்டுப்பாட ஆய்வுகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர். 1987 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி அவரும் சகாக்களும் 2006ல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். வீட்டுப்பாடம் செய்யும் நேரத்துக்கும் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு 7ஆம் வகுப்புக்கு மேல் தெளிவாகத் தெரிகிறது. 6ஆம் வகுப்பு வரையோ அது பூஜ்யத்தை ஒட்டியே நிற்கிறது. பல நூறு ஆய்வுத் தொகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஜான் ஹாட்டியும் 2009ல் இதே போக்கைத்தான் கண்டார். இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி ஆய்வு அமைப்பு கொஞ்சம் தாராளம்: தொடக்கப்பள்ளியிலும் ஓரளவு பலன் உண்டு, ஆனால் உயர்நிலைப் பள்ளியைவிடக் குறைவு என்கிறது.

இதை வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று முழங்குவது தவறு. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்கள் சேர்ந்து போகின்றனவா என்று மட்டும் பார்க்கும் ஆய்வுகள். திணறிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரே பக்கத்தை முடிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். அது கணக்கில் 'அதிக நேரம், குறைந்த மதிப்பெண்' என்று பதிவாகும். உண்மையில் அங்கே நேரம் குற்றவாளி இல்லை. ஆகவே நிதானமாகச் சொன்னால் நமக்குத் தெரிவது இவ்வளவுதான்: சின்ன வயதில் வீட்டுப்பாடத்தால் பெரிய லாபம் வருகிறது என்று யாராலும் காட்ட முடியவில்லை.

லாபம் சிறியது என்றால் செலவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஆசிரியர், பெற்றோர் அமைப்புகள் பரிந்துரைக்கும் '10 நிமிட விதி' ஒன்று இருக்கிறது. வகுப்பு எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். முதல் வகுப்புக்கு 10 நிமிடம், மூன்றாம் வகுப்புக்கு 30. காகிதத்தில் எளிது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையோடு பத்து நிமிட ஒர்க்‌ஷீட் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கூப்பிட்டு உட்காரவைப்பது, பென்சில் தேடுவது, தண்ணீர், அழுகை, அழித்துத் திரும்ப எழுதுவது எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரம் ஓடிவிடும். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. பள்ளி, பயணம், சாப்பாடு, தூக்கம் போக மிஞ்சுவது இரண்டு மூன்று மணி நேரம். பிள்ளையும் வீட்டிலுள்ள பெரியவர்களும் விழித்தபடி ஒரே இடத்தில் இருக்கும் நேரமும் அதுவேதான்.

என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், சில வீடுகளில் இரண்டு மூன்று பேர். பள்ளி எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத வசதி இது. அந்த வசதியை, முப்பது பேருக்கும் ஒரேமாதிரி அச்சிட்ட கோடிட்ட இடங்களை நிரப்பவைக்கப் பயன்படுத்துகிறோம். பள்ளியே நன்றாகச் செய்யக்கூடிய வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீடு மட்டுமே செய்யக்கூடியதை அதற்காகத் தள்ளிவைக்கிறோம்.

தடை போட்டும் போகாத பழக்கம்

வீட்டுப்பாடத்தை இத்தாலிய ஆசிரியர் ராபர்ட்டோ நெவிலிஸ் கண்டுபிடித்தார் என்று இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. சில இடங்களில் 1905, சில இடங்களில் 1095. அப்படி ஒருவர் இருந்ததற்கே ஆதாரம் கிடையாது. திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டதுதான் மிச்சம்.

எதிர்ப்புக்கு மட்டும் உண்மையான வரலாறு உண்டு. 1890களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் எழுத்தாளருமான ஜோசப் மேயர் ரைஸ், ஸ்பெல்லிங் மனப்பாடத்துக்கு அதிக நேரம் செலவிட்ட பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சிறப்பாக எழுதவில்லை என்று காட்டினார். 1901ல் கலிபோர்னியா மாநிலம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சட்டமே போட்டது. பின்னர் அது நீக்கப்பட்டது. 1957ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், நாம் பின்தங்கிவிட்டோம் என்ற பயத்தில் அமெரிக்கப் பிள்ளைகளின் பைகள் கனத்தன. இந்த ஊசல் அங்கே இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

பிரான்ஸ் கதை இன்னும் சுவையானது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலையாக வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று அங்கே 1956லேயே அரசாணை வந்துவிட்டது. அதற்குப் பிறகும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2012ல் அதிபர் பிரான்சுவா ஓலாந்த், வீட்டுப்பாடம் வேண்டாம், வேலையைப் பள்ளியிலேயே முடிக்கட்டும் என்று மறுபடி பேச வேண்டியிருந்தது. சீனா 2021ல் முதல் இரண்டு வகுப்புகளுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்றும், 3 முதல் 6 வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் விதித்தது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை, 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது, 3 முதல் 5 வரை வாரத்துக்கு 2 மணி நேரம் போதும் என்கிறது. போலந்து 2024 ஏப்ரலில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எழுத்து வேலையை நிறுத்தி, 4 முதல் 8 வரை அதைக் கட்டாயமற்றதாக, மதிப்பெண் இல்லாததாக மாற்றியது.

இத்தனை ஆணைகளுக்குப் பிறகும் இது ஒழியாததற்கு ஆசிரியர்களின் பிடிவாதத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. பெற்றோரே கேட்கிறார்கள். டைரியில் எழுதி வரும் வேலைதான், வகுப்பில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும் ஒரே ஜன்னல். வீட்டுப்பாடம் வராத நாளில் பள்ளியில் பாடமே நடக்கவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. அந்த ஜன்னலை மூடிவிட்டு வேறொன்றைத் திறக்காத பள்ளிகளில் பெற்றோர் டியூஷனைத் தேடிப் போகிறார்கள். சீனா வீட்டுப்பாடத்துக்கும் வெளி டியூஷனுக்கும் ஒரே கொள்கையில் கடிவாளம் போட்டது சும்மா இல்லை. ஒன்றைக் குறைத்தால் அந்த இடத்தை மற்றது பிடித்துக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே பெற்றோர், இரண்டு விளைவுகள்

2015ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சியான் பைலாக், சூசன் லெவின் ஆகியோரின் குழு, அடுத்தடுத்து இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் ஆய்வில் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகள். கணக்கு என்றாலே பயப்படும் பெற்றோர் ஒரு பக்கம், பயமில்லாதவர்கள் இன்னொரு பக்கம். பயப்படும் பெற்றோர் கணக்கு வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டு மற்றவர்களைவிடக் குறைவாகக் கணக்கு கற்றார்கள், கணக்குப் பயமும் அவர்களுக்குத் தொற்றிக்கொண்டது. அதே பயம் இருந்தும் வீட்டுப்பாடத்தில் அதிகம் தலையிடாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு இந்தப் பாதிப்பு தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உதவியதுதான் பயத்தைக் கடத்தும் வழியாகிவிட்டது.

இரண்டாவதில் 587 முதல் வகுப்புப் பிள்ளைகளும் அவர்கள் குடும்பங்களும். ஒரு பிரிவுக்கு, தூங்கப்போகும் முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து படிக்க ஒரு சின்னக் கதையும் அதையொட்டிய ஓரிரு கணக்குக் கேள்விகளும் தரும் செயலி கொடுக்கப்பட்டது. இன்னொரு பிரிவுக்குக் கணக்கு இல்லாமல் வாசிப்பு மட்டும். கணக்குச் செயலியை வாரத்தில் ஓரிரு முறை பயன்படுத்திய வீடுகளிலேயே முன்னேற்றம் தெரிந்தது. அதிக லாபம் அடைந்தவர்கள் யார் தெரியுமா? கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோரின் பிள்ளைகள். ஆய்வின் புள்ளிவிவர முறையைப் பற்றிப் பின்னால் கேள்விகள் எழுந்தன, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் குழு 2018ல் வெளியிட்ட தொடர் ஆய்வில், 3ஆம் வகுப்பு முடியும் வரை அந்தப் பலன் தங்கியிருந்தது.

அதே வகைப் பெற்றோர், அதே பயம், அதே பாடம். ஓரிடத்தில் பிள்ளை பின்தங்குகிறது, இன்னோரிடத்தில் முன்னேறுகிறது. வித்தியாசம் எங்கே? வீட்டுப்பாடத்தில் சரி-தவறு என்ற தீர்ப்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. நாளை டீச்சர் பார்ப்பார். பள்ளி சொல்லிக்கொடுத்த முறை வேறு, அப்பா அம்மாவுக்குத் தெரிந்த முறை வேறு. "இப்படி இல்ல, எங்க மிஸ் வேற மாதிரி போட்டாங்க" என்று பிள்ளை சொன்ன நொடியில் வீட்டில் சூடு ஏறுகிறது. கதையில் அந்தத் தீர்ப்பு இல்லை. கேள்விக்கு விடை தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம், சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போகலாம்.

பெற்றோர் உதவியால் பிள்ளை முன்னேறும் என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறோம். எந்த உதவி என்று கேட்காமல் அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே கிடையாது.

ஒரு மணி நேர விளையாட்டு

குடும்பத்தோடு கற்பதை 'அன்பான நேரம்' என்று மட்டும் வர்ணிக்கும்போது அது பஞ்சுமிட்டாய் போல ஆகிவிடுகிறது, கையில் பிடித்தால் ஒன்றும் மிஞ்சாது. உள்ளே என்ன நடந்தால் கற்றல் நடக்கிறது என்பதற்குத் துல்லியமான ஆய்வுகள் இருக்கின்றன.

ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008ல் வெளியிட்டது அப்படிப்பட்ட ஒன்று. வசதி குறைந்த குடும்பங்களின் 4, 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு எளிய பலகை விளையாட்டு. ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை கட்டங்கள். சுழற்றினால் 1 அல்லது 2 விழும், அத்தனை கட்டம் நகர்த்த வேண்டும். ஒரே நிபந்தனை: நகர்த்தும்போது கட்டத்திலுள்ள எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 4லிருந்து இரண்டு கட்டம் போனால் 'ஐந்து, ஆறு' என்று சொல்லியபடியே நகர்த்த வேண்டும். 15 நிமிடம் வீதம் நான்கு முறை, மொத்தம் ஒரு மணி நேரம். எண்களை ஒப்பிடுவது, எண்கோட்டில் ஓர் எண் எங்கே வரும் என்று ஊகிப்பது, எண்ணுவது, அடையாளம் காண்பது எல்லாவற்றிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது போகவில்லை. இதே பலகையில் எண்ணுக்குப் பதில் நிறங்களை வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு எந்த லாபமும் இல்லை.

இரண்டு கூட்டமும் ஒரே அளவு சந்தோஷமாக விளையாடியிருக்கும், பெரியவர் ஒருவரும் கூடவே உட்கார்ந்திருந்தார். ஆனாலும் ஒரு கூட்டம் மட்டுமே கற்றது. எண் 8, எண் 4ஐவிட எவ்வளவு பெரியது என்பதைக் கை நகர்ந்த தூரம், வாய் சொன்ன சொற்களின் நீளம், ஆன நேரம் எல்லாம் சேர்ந்து உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டன. ஆக, சேர்ந்து இருப்பது மட்டும் போதாது. சேர்ந்து செய்வதில் ஏதாவது ஒரு சரக்கு இருக்க வேண்டும்.

வாசிப்பிலும் இப்படித்தான். 1988ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழு, இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தது. படக்கதையை முழுக்கத் தாங்களே படித்துக்காட்டாமல், நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டும்: இது என்ன செய்யுது? ஏன் ஓடுது? பிள்ளை ஒரு சொல் சொன்னால் அதை ஒரு வாக்கியமாக நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். "நாய்" என்றால் "ஆமா, பெரிய நாய், நனைஞ்சு போச்சு". ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, அதே அளவு கதை கேட்ட மற்றக் குழந்தைகளைத் தாண்டிப் போனது. படித்துக் காட்டிய பக்கங்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை, யார் அதிகம் பேசினார்கள் என்பதில்தான்.

1990களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தொடங்கி ஏறக்குறைய 3,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றில் கேத்தி சில்வா, இராம் சிராஜ் முதலியோர் வீட்டுச் சூழலை அளந்தார்கள். படித்துக்காட்டுவது, நூலகம் போவது, எழுத்துகளோடும் எண்களோடும் விளையாடுவது, வரைவது, பாட்டுப் பாடுவது. இவை நடக்கும் வீட்டுப் பிள்ளைகள், பெற்றோரின் படிப்பையும் வருமானத்தையும் கணக்கில் எடுத்த பிறகும் முன்னால் இருந்தார்கள். பெற்றோர் யார் என்பதைவிட என்ன செய்கிறார்கள் என்பது முக்கியம் என்று அந்த ஆய்வாளர்கள் முடிவு சொன்னார்கள். பட்டியலில் ஒர்க்‌ஷீட் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

வீட்டில் இதற்கான இடங்கள் நிறையவே இருக்கின்றன. துணி மடிக்கும்போது யாருடையது எது என்று பிரிப்பது வகைப்படுத்தல். இத்தனை பேருக்கு எத்தனை தட்டு, ஒருவர் வரவில்லை என்றால் எத்தனை என்பது கழித்தல். கட்டிலின் நீளத்தைச் சாணால் பிள்ளையும் அளக்கட்டும், அம்மாவும் அளக்கட்டும். விடை ஏன் வேறுபடுகிறது என்ற கேள்வியில் அளவை அலகு பற்றிய முழுப் பாடமும் அடங்கிவிடுகிறது. வாங்க வேண்டிய சாமான்களை எழுதும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும், கடையில் தன் எழுத்தைத் தானே படிக்க முடியாமல் போகும்போது சரியாக எழுதுவது எதற்கு என்று அதற்கே தெரிந்துவிடும். சிவப்பு மையால் பத்து முறை திருத்தினாலும் அந்தக் காரணம் பிள்ளைக்குக் கிடைக்காது.

பள்ளி கைகழுவ முடியாத பங்கு

இதோடு நிறுத்தினால் கட்டுரை பாதி உண்மைதான். கதை கேட்டால் மட்டும் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டுவிடாது. கனடாவில் மோனிக் செனெஷல், ஜோ-ஆன் லெஃபெவர் ஆகியோர் பிள்ளைகளைச் சுமார் ஐந்தாண்டு பின்தொடர்ந்து 2002ல் இதை வெளியிட்டார்கள். பெற்றோர் கதைப்புத்தகம் படித்துக்காட்டுவது சொல்வளத்தோடும் கேட்டுப் புரியும் திறனோடும் தொடர்புடையது. எழுத்துகளை நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது, ஆரம்ப வாசிப்போடு தொடர்புடையது. இரண்டும் தனித்தனிப் பாதைகள். ஒரு வீட்டில் ஒன்று அதிகமாக நடப்பதால் மற்றதும் நடக்கிறது என்று நம்ப முடியாது.

தடையில்லாமல் வாசிப்பதற்கும் கூட்டல், பெருக்கல் வாய்ப்பாடு தானாக வருவதற்கும் பயிற்சி தேவை. அதற்குக் குறுக்குவழி இல்லை. வீட்டுப்பாடத்தை எடுத்த பள்ளி, அந்தப் பயிற்சிக்கான நேரத்தைப் பள்ளி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் நடப்பது என்ன என்று ஊகிப்பது கடினமில்லை: விவரமான பெற்றோர் வீட்டில் தாங்களே பயிற்சி கொடுப்பார்கள், மற்றப் பிள்ளைகள் பின்தங்கும். வீட்டுப்பாடத்தை நிறுத்தியதாகப் பெருமைப்படும் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது, அந்த நேரம் கால அட்டவணையில் எங்கே போனது என்பதைத்தான்.

ஒரு விதிவிலக்கை நான் ஏற்றுக்கொள்வேன். ஆசிரியர் ஒரு குறிப்பிட்ட பிள்ளையைக் கவனித்துவிட்டு, 'இந்த வாரம் இவள் இந்த நான்கு பக்கத்தைத் தினமும் உங்களிடம் சத்தமாகப் படிக்கட்டும், திக்கினால் காத்திருங்கள்' என்று சொல்லி அனுப்பினால் அது பயன் தரும். அதில் ஆசிரியரின் கவனிப்பு இருக்கிறது. முப்பது பேருக்கும் போகும் 14ஆம் பக்கத்தில் அது இல்லை.

'இப்போதே பழக்கினால்தான் பிற்காலத்தில் பொறுப்பு வரும்' என்ற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. இது பரவலான நம்பிக்கை, ஆனால் ஆய்வுப் பலம் குறைவு. ஏழு வயதில் வீட்டுப்பாடத்தால் உருவாகும் பழக்கம் பெரும்பாலும் பெற்றோருக்குத்தான், ஞாபகப்படுத்தும் பழக்கம். தன் பையைத் தானே அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஏற்பது போன்றவற்றில் விட்டால் என்ன ஆகும் என்பது பிள்ளைக்கே தெரியும். வீட்டுப்பாடத்தின் காலம் பின்னால் வருகிறது. கவனம் நீண்டு, தனியாகப் படிக்க முடிந்து, விஷயமும் கனக்கும்போது அதற்குப் பலன் இருக்கிறது என்று கூப்பரின் எண்களே காட்டுகின்றன.

எந்தக் குடும்பம்?

குடும்பத்தோடு கற்றல் என்றதும் பலர் மனதில் வருவது புத்தக அலமாரி உள்ள, ஆறு மணிக்கு வீடு திரும்பும், பள்ளி மொழி தெரிந்த பெற்றோர். இரவுப் பணிக்குப் போகும் தாய்க்கு 'தினமும் 20 நிமிடம் சேர்ந்து படியுங்கள்' என்பது வீட்டுப்பாடத்தைவிட எந்த வகையிலும் கருணையான கோரிக்கை இல்லை. 2017ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மேரியன் மாவட்டப் பள்ளிகள் தொடக்க வகுப்புகளுக்கு வழக்கமான வீட்டுப்பாடத்தை நிறுத்தி, இரவில் 20 நிமிட வாசிப்பை வைத்தன. நல்ல முடிவுதான். ஆனால் வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு அது வெறும் அறிவுரை. இப்படிப்பட்ட திட்டம் எதுவானாலும் புத்தகமும் பையோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

அதே சமயம், படிக்காத பெற்றோரை வீட்டுப்பாடம் அவமானப்படுத்துவது போல இது அவமானப்படுத்துவதில்லை. 1990களின் தொடக்கத்தில் அரிசோனாவின் டூசானில் லூயிஸ் மோல் குழு ஒரு வேலை செய்தது. மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே அனுப்பி, அங்கே என்னென்ன அறிவு புழங்குகிறது என்று பார்த்துவரச் சொன்னார்கள். கட்டட வேலை, விவசாயம், இயந்திரம் பழுதுபார்ப்பு, மூலிகை, வணிகம் என்று ஏகப்பட்டது இருந்தது. ஆசிரியர்கள் அதை வகுப்புப் பாடங்களுக்குள் கொண்டுவந்தார்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த சரக்கு, வீட்டிலிருந்து பள்ளிக்கும் வரத் தொடங்கியது. முன்பு சொன்ன இந்தியாவின் 2020 பள்ளிப் பைக் கொள்கையிலும் இந்தத் திசையில் ஒரு வரி இருக்கிறது: சின்னப் பிள்ளைகளை, மாலையில் வீட்டில் என்ன செய்தார்கள், என்ன விளையாடினார்கள் என்று வகுப்பில் பேசவைக்கலாம். யாரும் அதிகம் கண்டுகொள்ளாத வரி.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்து, தங்களுக்குச் சரளமில்லாத பள்ளி மொழியில் வீட்டில் பேச முயலும் பெற்றோர் உண்டு. அப்போது பேச்சு 'வா, போ, சாப்பிடு, எழுது' என்று சுருங்கிவிடும். ஏன், எப்படி, ஒருவேளை, அன்றைக்கு மாதிரி என்று நீளும் பேச்சுதான் பிள்ளையின் யோசனையை வளர்க்கிறது, அது பெற்றோருக்கு நன்றாக வரும் மொழியில்தான் நடக்கும்.

பெயர் மட்டும் மாறினால்

இந்த மாற்றம் கெட்டுப்போவதற்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. பள்ளி முதலில் வீட்டுப்பாடத்தை நீக்கும். அப்புறம் 'குடும்பச் செயல்பாடு' என்று வாரம் ஒன்று அனுப்பும். அப்புறம் அதைச் செய்ததற்குப் புகைப்படம் கேட்கும். அப்புறம் சிறந்த புகைப்படத்துக்குப் பரிசு. கடைசியில் இரவு பதினோரு மணிக்குப் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்க, அம்மா தெர்மாகோலில் எரிமலை ஒட்டிக்கொண்டிருப்பார்.

கண்காணிப்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2012ல் வந்த ஒரு சிறிய ஆய்வு காட்டியது. 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினர் தினமும் படித்ததைக் கட்டாயம் குறித்துக் காட்ட வேண்டும், இன்னொரு பிரிவினருக்கு அது விருப்பம். கட்டாயப் பிரிவில் வாசிப்பு ஆர்வம் குறைந்தது, விருப்பப் பிரிவில் கூடியது. ஆர்வத்தை வளர்க்கத்தான் அந்தப் படிவம் கொடுக்கப்படுகிறது என்பது வேடிக்கை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் எப்ஸ்டீன் 1980களிலிருந்து ஆசிரியர்களோடு சேர்ந்து உருவாக்கிய முறை நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. அதில் வேலை வரும், ஆனால் தினமும் இல்லை. பெற்றோர் பாடம் நடத்த வேண்டியதில்லை. பிள்ளைதான் வகுப்பில் கற்றதை அவர்களுக்குச் செய்துகாட்டும், அவர்கள் சின்ன வயதில் எப்படி இருந்தது என்று பேட்டி எடுக்கும், கருத்துக் கேட்கும். யார் நடத்துவது என்பது இங்கே தலைகீழாகிறது. முன்பு சொன்ன பயம் தொற்றும் சிக்கலும் பெரும்பாலும் வராது, ஏனென்றால் விடை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் பெற்றோருக்கு இல்லை.

பெற்றோர் இழக்கும் அந்த ஜன்னலுக்கு மாற்றாகப் பள்ளி செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. வாரத்துக்கு ஒருமுறை நாலு வரி போதும்: இந்த வாரம் வகுப்பில் நிழலைப் பற்றிப் பார்த்தோம், காலை நிழலும் மதிய நிழலும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள், கழித்தலில் கடன் வாங்குவதைத் தொடங்கியிருக்கிறோம், சொல்லிக்கொடுக்க வேண்டாம், எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். படிக்க முடியாத பெற்றோருக்கு அதையே குரல் பதிவாக அனுப்பலாம். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்ற கேள்விக்கு உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் சொல்லும் "ஒண்ணுமில்ல"வுக்குப் பதிலாக, நிழல் எங்கே போச்சு என்று குறிப்பாகக் கேட்க முடியும். எதையும் எழுதி அனுப்ப வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஆசிரியருக்கு இந்த நாலு வரி எழுத ஆகும் நேரம், தினமும் முப்பது நோட்டு திருத்தும் நேரத்தில் ஒரு சின்னப் பங்குதான். மிச்சமாகும் நேரத்தில், நாளொன்றுக்கு மூன்று நான்கு பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டால், பத்துப் பள்ளி நாளுக்குள் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடலாம்.